இரும்பிற்குத் தமிழ் தந்தோர் உயிரியலுக்கும் தருக!



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஒரு கடைசல் பட்டறையில் மரை வெட்டிய ஆணி, ஆவடியில் வேறொருவர் மரை வெட்டிய துளையில் பொருந்துகின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் அளவு ஒன்று. ஆகவே பொருத்தமும் ஒன்று. இந்த எளிய உண்மையை உயிரணுவிற்குள் கொண்டு செல்ல முனைந்ததே செயற்கை உயிரியல் என்னும் புதுத்துறை.

மரபணுக்களை ஒரே அளவில் அமைந்த உறுப்புகளாக்கி, நுண்ணுயிரியினுள் பூட்டி, வேண்டிய வேலையை வாங்குவது அத்துறையின் நோக்கம். அமெரிக்காவின் மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் 2003-இல் ஒரு மாணவர் பாடமாகத் தொடங்கிய முயற்சி, 2004-இல் ஐந்து குழுக்கள் கலந்துகொண்ட போட்டியாயிற்று. 'ஐசெம்' என்னும் அப்போட்டி பின்னர் உலகெங்கும் பரவியது.

அப்போட்டிக்கென 2017-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர் குழு ஆக்கியது ஒரு மென்பொருட் கருவி. அதன் பெயர் 'சேசிடெக்சு'. ஊர்தியின் அடிச்சட்டத்தைக் குறிக்கும் சொல்லே அப்பெயரின் வேர். அடிச்சட்டத்தின்மேல் வண்டியைக் கட்டுவது போல, புதிய மரபணுவைத் தாங்கும் உயிரியை அத்துறையினர் அடிச்சட்டம் என்கின்றனர். எந்த வேலைக்கு எந்த உயிரி ஏற்றது என்று ஆய்வாளர் தேடி அறிய உதவும் தொகுப்பே அம்மாணவர் ஆக்கம்.

இதற்குக் கணிப்பொறி எதற்கு? தமிழுக்கு எழுத்து 247. மரபிழைக்கோ நான்கே எழுத்து! அவை மும்மூன்றாய்க் கூடின் 64 சொற்கள் பிறக்கும். மூன்று சொற்கள் முற்றுப்புள்ளி. ஏனைய 61-உம் இருபது அமினோக் காடிகளைக் குறிப்பன. எனவே ஒரு பொருட்குப் பல சொற்கள். லியூசின் என்னும் ஒன்றற்கு மட்டும் ஆறு! நெல்லைக்கு ஒரு வழக்கு, கொங்கிற்கு ஒரு வழக்கு, ஈழத்திற்கு ஒரு வழக்கு இருத்தல் போல, ஒவ்வோர் உயிரிக்கும் ஒரு சொல்வழக்கு உண்டு. வழக்கறியாது மரபணுவைப் புகுத்தின், புரதம் குறைவாய் விளையலாம். அவ்வழக்கைக் கணக்கிட்டுச் சொல்லக் கணிப்பொறி வேண்டும்.

தமிழ்நிலத்தில் உருவான அக்கருவியின் மொழியோ ஆங்கிலம்! மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. உலகப் போட்டியின் மொழி அது. வினா வேறு. பூவிருந்தவல்லிப் பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்புவரை மரபணு, உயிரணு, நுண்ணுயிரி என்று தமிழில் கற்ற தொழிலாளியின் மகள், கல்லூரி ஆய்வகத்தில் நுழைந்த அன்றே தன் சொற்களையெல்லாம் வாயிலில் கழற்றி வைக்க வேண்டுமா? பொருள் பாதி விளங்கக் கருவியைக் கையாளும் கை, தவறவும் தயங்கவும் செய்யும். திறமிருந்தும் மொழியால் பின்தங்குவது அவள் குற்றமன்று.

தமிழால் இயலாது என்பார் வரலாறு அறியாதார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான மருத்துவர் சாமுவேல் கிரீன், 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். 1916-இல் சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு கழகமே தோன்றியது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அத்தொடக்கத்தில் உயிர்த்தொழில்நுட்பத்திற்கு இடமில்லை. இரும்பிற்குக் கதவு திறந்தது, உயிரியலுக்குத் திறக்கவில்லை.

கடைசல், மரை, துளை என்னும் சொற்கள் உழைப்போர் வாயில் வாழ்வன. கையில் கருவி இருந்தது. நாவில் சொல் பிறந்தது. ஆய்வகத்திற்கும் அதுவே வழி. கருவி முடிந்தபின் மொழிபெயர்ப்போம் என்பது காலங்கடந்த செயல். மென்பொருளை எழுதும்போதே அதன் முகப்பில் தமிழுக்கும் ஓர் இடம் வைத்தல் மாணவர் கடமை. ஏற்ற சொல்லை உடனிருந்து ஆக்கித் தருதல் தமிழறிஞர் கடமை. அச்சொல்லைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடாமல் ஆய்வு மேசையில் வழங்குதல் ஆசிரியர் கடமை.

பழம்பெருமை பேசிக் கைதட்டிக் கலைவதால் ஒரு சொல்லும் பிறவாது. இந்த ஊர்களின் பிள்ளைகள் நாளை ஆக்கும் கருவியில் தமிழும் பேசுக! தமிழ் வெல்க!