பக்கத்துக் காம்பராவில் சத்தம் கேட்டால்...

(பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் சர்வதேச தினத்தையொட்டி, ஹட்டன் பகுதித் தோட்டமொன்றின் பெரட்டுக் களத்தில் எமது நலன்புரிப் பிரிவினர் நிகழ்த்திய உரை)



மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் பலர் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டாமல் பேசுகிறோம். "இது மாதர் சங்கத்துக் கூட்டந்தானே, நமக்கென்ன?" என்று பின்னால் நிற்கிற அண்ணன்மாரும் கொஞ்சம் முன்னுக்கு வாங்க. இன்றைக்கு நாங்கள் பேச வந்தது முக்கியமாக உங்களோடுதான்.

முதலில் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருசத்துக்கு முன்னால், வேலை விசயமாக ஒரு தோட்டத்தில் இரவு தங்கினோம். அன்றைக்குச் சம்பள நாள். ராத்திரி எட்டு மணியிருக்கும். இரண்டு காம்பரா தள்ளிச் சத்தம் கேட்டது. பாத்திரம் உருண்டது, பிள்ளை அழுதது, ஒரு பெண் கத்தினாள். நாங்கள் எழுந்தோம். வீட்டுக்கார அய்யா, "உக்காருங்க, இது வழமையா நடக்கிறதுதான். விடிஞ்சா ஒண்ணாயிருவாங்க" என்றார். நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். பக்கத்துக் காம்பராவில் டீவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

விடிந்தது. அந்தத் தங்கச்சி பெரட்டுக்கு வரவில்லை. கை முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். மூன்று மாதம் கொழுந்து எடுக்க முடியவில்லை. பேர் இல்லை, கடைக் கடன் ஏறியது, மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டது. பிறகு போய்ப் பார்த்தபோது அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அடி வலிச்சது மிஸ். ஆனா டீவி சத்தம் கூடினப்பதான், யாரும் வரமாட்டாங்கன்னு வெளங்குச்சு."

அந்த வெட்கம்தான் எங்களை இங்கே நிறுத்திப் பேச வைக்கிறது. நம்முடைய லயங்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரே சுவர்தான் இரண்டு குடும்பத்துக்கு. அடுத்த வீட்டில் தாளிக்கிற சத்தமே கேட்கும்போது, அடிக்கிற சத்தம் கேட்காமல் இருக்குமா? கேட்கிறது. கேட்டும் "அது புருசன் பொண்டாட்டி விசயம்" என்று இருந்துவிடுகிறோம்.

அடிப்பதற்கு என்ன காரணம் என்று கேட்டால், எல்லாத் தோட்டத்திலும் ஒரே பதில்தான்: "குடிதான்." கசிப்பும் சாராயமும் குடும்பத்தை அழிக்கிறது உண்மை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தவறணையில் குடித்தவர் வருகிற வழியில் கங்காணியைக் காண்கிறார், கணக்கப்பிள்ளையைக் காண்கிறார். அவர்களை அடிக்கிறாரா? துரை வந்தால் வேட்டியை இறக்கி ஒதுங்கி நிற்கிறார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் கை ஓங்குகிறது. ஆக, யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்று வெறியிலும் அவருக்குத் தெரிகிறது. "இவளை அடித்தால் கேட்க ஆளில்லை" என்ற எண்ணம்தான் காரணம். அந்த எண்ணத்தைக் கொடுத்தது தனியே சாராயம் அல்ல, கேட்காமல் இருந்த நாமுந்தான்.

இது தோட்டத்தில் மாத்திரம் நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். நாடு முழுவதும் 2019இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, இலங்கையில் குடும்பம் நடத்திய பெண்களில் ஐந்தில் ஒருவர் துணைவரிடம் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறையை அனுபவித்திருக்கிறார். அதற்கு முன், 2013இல் கேயார் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கொழும்பு, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு ஆகியவற்றோடு நம்ம நுவரெலியா மாவட்டத்திலும் ஆண்களிடமே நேராகக் கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர், மனைவிக்கோ துணைவிக்கோ அப்படிச் செய்தது உண்டு என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். அதே காலத்தில் ஆசிய பசிபிக் நாடுகள் ஆறில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. சின்ன வயதில் அடியும் கொடுமையும் கண்டு வளர்ந்த பையன்தான் பெரியவனானதும் கை ஓங்குவது கூட. இன்று இஸ்தோப்பில் நின்று பார்க்கிற பிள்ளை பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் மூன்றில் ஒருவர் என்றால், மற்ற இருவர் அப்படிச் செய்யவில்லை என்றும் அர்த்தம். அடிக்காத ஆம்பிளைதான் இங்கே கூட. அவர்கள் வாய் திறக்காததுதான் குறை.

வாய் திறந்த ஆண்களும் இருக்கிறார்கள். 1989 டிசம்பர் 6ஆம் திகதி கனடாவில் மொன்றியல் நகரத்தில், பொறியியல் படிக்கப் போன பெண்பிள்ளைகள் உட்பட 14 பெண்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு, 1991இல், அந்த நாட்டு ஆண்கள் சிலர் சட்டையில் வெள்ளை ரிப்பன் குத்திக்கொண்டார்கள். "நான் அடிக்கமாட்டேன், அடிப்பதைப் பார்த்துச் சும்மா இருக்கவும் மாட்டேன்" என்பதுதான் அதன் பொருள். பிறகு பல நாடுகளுக்கு அது பரவியது.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1930களில் இதே ஹட்டனில் இருந்து தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரை மூத்தவர்கள் அறிவார்கள். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் முன்னுக்கு நின்று தொழிலாளருக்காகப் பாட்டுப் பாடினார். பெண் மேடை ஏறுவதே குற்றம் என்றிருந்த காலம் அது. அந்த மனிதர் மனைவியைப் பின்னால் தள்ளவில்லை, பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதனால் அவருடைய ஆண்மை குறைந்ததா?

ஆண் பெண் இருவருக்கும் சமமான நாட் சம்பளம் 1984இல்தான் தோட்டத்துக்கு வந்தது. செக்ரோலில் சமமாகி இத்தனை வருசமாகியும் வீட்டுக்குள் சமமாகவில்லை. விடியமுன் எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, அந்தி வரை மலையில் நிற்கிறவள் அவள். பகலோடு கணக்கு வேலை முடித்து வந்தவர், "சோறு ஏன் ஆக்கல?" என்று கேட்கிறார். அவளுடைய சம்பளத்தை அவர் போய் வாங்குகிறார். கணக்குக் கேட்டால் அடி. சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அவள் உழைத்த காசு அவள் கைக்கு, அவள் பேங்கு புத்தகத்துக்குப் போகட்டும். பாதிச் சண்டை குறையும்.

சரி, சத்தம் கேட்டால் என்ன செய்வது? நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

தனியாகப் போக வேண்டாம். இரண்டு மூன்று பேராகப் போங்கள். போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். கதவைத் தட்டி, "தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டாலே போதும். யாரோ வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பல நேரம் ஓங்கிய கை இறங்கும். பிள்ளைகளை உங்கள் காம்பராவுக்குக் கூட்டிப் போங்கள். கையில் கத்தி, கவ்வாத்துக் கத்தி இருந்தால் உள்ளே போகாதீர்கள். உடனே 119க்கு எடுங்கள்.

அவருடைய கூட்டாளிகள் செய்ய வேண்டியது அடுத்த நாள். வெறி தெளிந்த நேரத்தில், மலைக்குப் போகிற வழியில், "நேத்து நீ செஞ்சது சரியில்ல மச்சான்" என்று சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் காதில் ஏறாதது நீங்கள் சொன்னால் ஏறும். தவறணையில் ஒருவர் "ரெண்டு போட்டேன், அடங்கிட்டா" என்று பெருமை பேசினால், சிரிக்காமல் இருங்கள். அதுவே பெரிய உதவி.

பெண்கள் அவரைத் தனியாகக் காணும்போது பேசுங்கள். "நீ என்ன வாய் பேசினே?" என்று கேட்க வேண்டாம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பழமொழியும் சொல்ல வேண்டாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்கு புத்தகம் இவற்றை நம்பிக்கையான ஒரு வீட்டில் வைக்க உதவுங்கள்.

தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கி, இருவரையும் சேர்த்து அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததென்று நினைக்கிறோம். சத்தியம் அடுத்த சம்பளம் வரைதான் நிற்கிறது. சமாதானம் பேசுவதற்கு முன், அவள் என்ன கேட்கிறாள் என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிபட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். முதலில் 14 நாள் வரை இடைக்காலக் கட்டளை, விசாரித்த பிறகு 12 மாதம் வரை கட்டளை கிடைக்கலாம். "காம்பரா அவர் பேரில் இருக்கு, நான் எங்கே போறது?" என்று பல தங்கச்சிமார் கேட்கிறார்கள். தேவையென்று கண்டால், அடித்தவரே அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். உதவி செய்தவர்களுக்கு அவர் கெடுதி செய்யக்கூடாது என்றும் சொல்லலாம். அதனால் உதவப் போகிறவர்களும் பயப்பட வேண்டாம். புருசனை மறியலில் போடுவது இதன் நோக்கமல்ல, அடியை நிறுத்துவதுதான் நோக்கம். ஆனால் கட்டளையை மீறினால் மறியலும் உண்டு.

1938 என்பது பெண்களுக்கான உதவி இலக்கம், பிள்ளைகளுக்கு 1929. வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" என்ற இடம் இருக்கிறது. காயத்துக்கு மருந்து கட்டப் போகும்போது, "விழுந்துட்டேன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே எழுதப்படுவது பின்னால் சாட்சியாக உதவும்.

கடைசியாக, அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும். மகனுக்கும் தட்டுக் கழுவக் கொடுங்கள். தங்கச்சியை அவன் அடித்தால் "ஆம்பிளப் பிள்ளைதானே" என்று விடாதீர்கள். பத்து வயதில் விட்டால் இருபத்தைந்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை அழும்.

அந்தத் தங்கச்சியின் கை இன்று ஓரளவு சுகம். பாரம் தூக்கினால் வலிக்கிறது. அந்த லயத்தில் இப்போது சத்தம் கேட்டால் நாலு கதவு திறக்கிறதாம், அவரே சொன்னார். உங்கள் லயத்திலும் திறக்கட்டும். அடுத்த சம்பள நாள் ராத்திரி, டீவி சத்தத்தைக் கூட்டுவதற்கு முன் ஒரு நிமிசம் இந்தப் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.