வீட்டிலிருந்தே ஒரு தொழில்



"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்திலே வழங்கும் பழமொழி. மாதந்தோறும் சம்பளமும், முதுமையில் ஓய்வூதியமும் தரும் அரசாங்க உத்தியோகத்தில் நம்மவர் வைத்த பற்றுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் இன்று, எவரிடமும் நிரந்தர ஊழியராக அமராமல், தம் வீட்டில் இருந்தவாறே கணினியின் துணைகொண்டு, தூரதேசத்து வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதியும், கணக்குப் பதிந்தும், சந்திப்புக்களை ஒழுங்குசெய்தும் வருவாய் தேடுவோர் நம்மிடையே உளர். "இதுவும் ஒரு தொழிலா?" என்று உறவினர் அவர்களைக் கேட்பதும் உண்டு. அக்கேள்விக்கு விடை காணுமுன் ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

ஸ்டெபனி ஷேர்லி என்பவர், 1939 ஆம் ஆண்டிலே, ஐந்து வயதுச் சிறுமியாகப் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்தை அடைந்த அகதி. பகலில் வேலை பார்த்து, மாலை வகுப்புக்களிலே கணிதம் கற்றுப் பட்டம் பெற்றார். கணினிக்கு நிரல் எழுதுவதில் வல்லவரானார். பெண் என்ற காரணத்தால் தமது உயர்வு தடைப்படுவதைக் கண்டு உத்தியோகத்தைத் துறந்தார். 1962 ஆம் ஆண்டில், ஆறு பவுண் முதலுடன், 'பிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தம் வீட்டிலேயே தொடங்கினார். திருமணத்தாலும் மகப்பேற்றாலும் வேலையை விட்டு நின்ற தேர்ச்சிபெற்ற பெண்களுக்கு, அவரவர் வீட்டிலேயே செய்யத்தக்க வேலையைக் கொடுத்தார். அவர்கள் பென்சிலும் தாளும் கொண்டே நிரல்களை எழுதினர். முதல் 300 ஊழியருள் 297 பேர் பெண்கள்.

தம் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராமற் போகவே, 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் ஒப்பமிட்டார். தொலைபேசியிலே குழந்தையின் அழுகுரல் கேளாதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டார். இத்தகைய உபாயங்கள் கதவைத் திறக்க உதவலாம். தொழிலை நிலைநிறுத்த அவை போதா. அவர் செய்த வேறொரு காரியமே நம் சிந்தனைக்குரியது. மணித்தியாலக் கணக்கிற் கூலி கேளாமல், "இன்ன வேலையை இன்ன தொகைக்கு முடித்துத் தருவோம்" என்று முன்னதாகவே விலை கூறினார். அக்காலத்தில் அத்தொழிலில் அது புதுமை. விலை நிச்சயமானபின், வேலை செய்தவர் அலுவலகத்தில் இருந்தாரா, தொட்டிலருகே இருந்தாரா என்று ஆராய வாடிக்கையாளருக்கு அவசியமில்லை. வேலை செம்மையாக முடிந்ததா என்பதொன்றே கேள்வி. ஒலியினும் விரைந்து பறந்த கொன்கோட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்கான நிரல் இவ்வாறு வீடுகளிலிருந்த பெண்களாலேயே எழுதப்பட்டது.

ஆகவே நேயர்களே, சுதந்திரத் தொழிலாளர் விற்பது நேரத்தை அன்று, முடிந்த வேலையையே. இதனை உணராதவர் வீட்டிலிருந்தும் அடிமையாகவே உழைப்பார்.

ஆனால், விலையைப் பிழையாகக் கூறினால் நட்டம் நம்முடையது. எனவே வேலையைத் தொடங்குமுன், அதன் எல்லை எது, எத்தனை முறை திருத்தம் செய்வது, என்று முடிப்பது, பணம் எப்போது வருவது என்னும் நான்கையும் எழுத்திலே தீர்த்துக்கொள்க. வாரத்தில் 40 மணித்தியாலம் உழைக்கும் ஒருவர், வாடிக்கையாளரைத் தேடவும், கடிதங்களுக்குப் பதில் எழுதவும், புதியன பயிலவும் 15 மணித்தியாலத்தைச் செலவிடுகிறார் என்று கொள்வோம். ஊதியம் கிடைப்பது எஞ்சிய 25 மணித்தியாலத்துக்கே. அவ்வூதியம் 40 மணித்தியால உழைப்பையும் தாங்க வேண்டும்.

முதுமையையும் மறத்தலாகாது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு, ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும், முதலாளி 12 வீதமும் செலுத்துகின்றனர். தனித்துத் தொழில் செய்பவர் தாமே முதலாளி, தாமே ஊழியர். இருவர் பங்கையும் அவரே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பவர், உத்தியோகத்தின் கட்டுப்பாட்டை ஏற்று, அதன் பாதுகாப்பை மட்டும் இழந்தவராவார். இருவர் மூவருக்கேனும் வேலை செய்பவராலேயே, பொருந்தாத வேலை வரும்போது "இயலாது" என்று பணிவுடன் மறுக்க முடியும். தொழிலிலே மனநிறைவு என்பது பெரும்பாலும் இந்த உரிமையிலேதான் தங்கியிருக்கின்றது.

ஷேர்லி அம்மையார் 2025 ஆம் ஆண்டில் காலமானார். தமது நிறுவனத்தின் பங்குகளை ஊழியருக்கும் பகிர்ந்தளித்தமையால், அவர்களுள் 70 பேர் பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட செல்வத்துக்கு உரியவராயினர். அத்தகைய செல்வம் நம் எல்லோருக்கும் வாய்க்கும் என்று நான் கூறவில்லை. ஆனால், சொன்ன வேலையைச் சொன்ன விலைக்குச் சொன்ன நாளிலே முடித்துக் கொடுக்கும் ஒருவரை, அவர் அடுப்படி மேசையில் இருந்து உழைத்தாலும், "இதுவும் ஒரு தொழிலா?" என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை.