டிராகனின் நாக்கு



"டோல்கீன் படைத்த டிராகன்களிடம் பெரிதும் அஞ்ச வேண்டியது நெருப்பா, பொன்னாசையா, பேச்சா?" பேச்சு என்ற அணியை எனக்குக் கொடுத்தார்கள். வீட்டில் சொன்னேன். என் கணவர், "ரொம்பப் பொருத்தமாத்தான் கொடுத்திருக்காங்க"ன்னார். (சிரிப்பு)

ஒரு குறளை நான் சொல்லப் போறேன்னு எல்லாரும் எதிர்பார்க்கிறீங்க. மேடைக்கு வரும்போதே நெருப்பு அணித் தலைவர் கையைப் பிடிச்சு, "அம்மா, அந்தக் குறளை மட்டும் சொல்லிடாதீங்க, எங்க அணி அங்கேயே முடிஞ்சிடும்"னு கேட்டுக்கிட்டார். நான் சொல்லலை. நீங்களே மனசுக்குள்ள சொல்லிக்குங்க. (கைதட்டல்)

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 'ஹாபிட்' கதையை 1937-இல் வெளியிட்டார். அவர் பாடம் சொன்ன பழங்காவியம் பேவுல்ஃப். அதிலே ஒரு டிராகன் வருகிறது. அதற்கு நெருப்பு உண்டு. பொற்குவியல் உண்டு. யாரோ ஒரு கோப்பையைத் திருட, அது கோபம் கொண்டு கிளம்புவதும் உண்டு. ஆனால் ஒரு வார்த்தை பேசாது. பேசும் டிராகன் வேறு இடத்தில் இருக்கிறது, வடநாட்டுப் பழங்கதையில். ஃபாஃப்னிர் என்று பெயர். குத்துப்பட்டுச் சாகும்போதும், தன்னைக் குத்தியவனிடம், "உன்னை அனுப்பினானே, அவன் உன்னையும் காட்டிக்கொடுப்பான்" என்ற பொருள்பட ஒரு விதையைப் போட்டுவிட்டுத்தான் சாகும். டோல்கீன் நெருப்பையும் பொன்னையும் மட்டும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நாக்கையும் சேர்த்து வாங்கினார். ஏன் வாங்கினார் என்பதுதான் என் வாதம்.

நெருப்பு அணி நண்பர் அன்கலகோனைப் பற்றி அருமையாகப் பேசினார். கருப்பு டிராகன், இறக்கை உள்ளவற்றில் எல்லாம் பெரியது, விழுந்த வேகத்தில் மலைக் கோபுரங்களே உடைந்தன. ஒப்புக்கொள்கிறேன். ஆனா ஐயா, அதைப் பத்தி நீங்க வேற என்ன சொல்ல முடிஞ்சது? வந்தது, சண்டை போட்டது, விழுந்தது. பேசாத டிராகனுக்குக் கதையில நாலு வரி. பேசின டிராகனுக்கு அத்தியாயம் அத்தியாயமா இடம்! அந்த நெருப்புக்கும் ஒரு எல்லையை அவரே போட்டுவிட்டார். குள்ளர் அரசர்களின் 7 மோதிரங்களில் 4 டிராகன்களால் அழிந்தன. ஆனால் அந்த ஒற்றை மோதிரத்தை அன்கலகோனின் தீ கூட ஒன்றும் செய்திருக்காது என்று கண்டால்ஃபே சொல்கிறார்.

இன்னொன்று. இந்த இனத்தில் குளிர் டிராகன் என்று ஒரு வகை இருக்கிறது. பெயரிலேயே நெருப்பு இல்லை. அதுதான் டாயின் என்ற குள்ளர் அரசனையும் அவன் மகனையும் அவர்கள் மாளிகை வாசலிலேயே கொன்றது. இறக்கையும் எல்லாவற்றுக்கும் கிடையாது. டிராகன்களுக்கெல்லாம் தந்தை என்று பெயர் வாங்கிய கிளௌருங் தரையில் ஊர்ந்தே வந்தது. ஆக, நெருப்பு இல்லாத டிராகன் உண்டு, இறக்கை இல்லாத டிராகன் உண்டு. ஆனால் குடும்பத்தை வேரோடு சாய்த்த டிராகன் எது என்று தேடுங்கள், அது பேசிய டிராகனாக இருக்கும்.

ஸ்மௌக் கதைக்கு வருகிறேன். மலைக்குள்ளே பொன் மேல் படுத்திருக்கிறது. பில்போ என்கிற சின்ன உருவம், மோதிரத்தைப் போட்டுக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். டிராகன் மோப்பம் பிடித்துவிட்டது. அவ்வளவு நெருப்பு வைத்திருக்கிற பிராணி அந்த இடத்தில் என்ன செய்திருக்கணும்? ஒரே ஊது, முடிஞ்சு போச்சு. செய்யலையே! உட்கார்ந்து பேசுது. குசலம் விசாரிக்குது.

என்ன பேசுகிறது? "நீ உன் கூட்டாளிகளோடு வந்தாய், சரி. உன் பங்கு 14-இல் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். அவ்வளவு பொன்னை உன் ஊருக்கு எப்படிக் கொண்டுபோவாய் என்று அவர்கள் யோசித்தார்களா?" இந்த ரீதியில் போகிறது பேச்சு. மிரட்டல் இல்லை, வசவு இல்லை. அக்கறை மாதிரி ஒரு கேள்வி. பில்போவுக்கு அதுவரை தோன்றாத நினைப்பு அப்போது தோன்றுகிறது: "ஆமா, இவங்க நம்மளை ஏமாத்துறாங்களோ?"

நடுவர் ஐயா, இந்த இடத்தைப் படிச்சபோது எனக்குப் புத்தகத்தை மூட வேண்டியதாப் போச்சு. எங்க வீட்டுல இந்தக் கேள்வி ஒரு காதுகுத்துப் பந்தியில வந்தது.

எங்க அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. தாத்தா காலமான பிறகு நிலத்துக்குப் பட்டா மாத்த அப்பாதான் அலைஞ்சார், சித்தப்பா வெளியூர்ல வேலை. பந்தியில பக்கத்துல உட்கார்ந்த ஒரு சொந்தக்காரர், அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே சித்தப்பாகிட்ட கேட்டார்: "பட்டா மாறிடுச்சாமே தம்பி, அண்ணன் உன்கிட்ட காமிச்சாரா?" அவ்வளவுதான். அண்ணன் ஏமாத்திட்டார்னு அவர் சொல்லவே இல்லை. சித்தப்பா பாயசம் வர்றதுக்கு முன்னாடி எழுந்துட்டார். ஒன்பது வருஷம் எங்க வாசப்படி மிதிக்கலை. என் கல்யாணத்துக்கு வரலை.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தப்பதான் வந்தார். கட்டில் பக்கத்துல நின்னு, அப்பதான் கேட்டார். அப்பா சொன்னது இதுதான்: "கூட்டுப் பட்டாடா அது. உன் பேரும் இருக்கு. பீரோவில வச்சிருக்கேன், எடுத்துப் பாரு."

(அரங்கம் அமைதி)

ஒன்பது வருஷமா அந்தக் காகிதம் அந்த பீரோவிலேயே இருந்தது நடுவர் அவர்களே!

பில்போ என்ன செய்தான்? திரும்பி வந்து, தன் கூட்டாளிகளிடமே மனசில் உள்ளதைச் சொல்லிவிட்டான். தோரின், "உன் பங்கை நீயே தேர்ந்தெடுத்துக்கொள்" என்று வாக்குக் கொடுத்தான். பில்போ கேட்டான். எங்க சித்தப்பா கேட்கலை. டிராகன் ரெண்டு இடத்திலும் ஒரே டிராகன்தான். (கைதட்டல்)

பொன்னாசை அணிக்கு ஒரு வார்த்தை. ஸ்மௌக் ஒரே ஒரு கோப்பை காணாமல் போனதற்கு மலையையே நெருப்பால் சுற்றி வந்தது என்றீர்கள். உண்மை. டிராகன் செத்த பிறகும் அந்தப் பொன் தோரினைப் படுத்திய பாட்டையும் சொன்னீர்கள். ஏரி நகரத் தலைவன் ஊருக்குக் கிடைத்த பொன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாழ்வெளியில் பட்டினியால் செத்ததையும் சொன்னீர்கள். இந்த இடத்தில் உங்கள் கட்சி வலுவாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மலையை ஸ்மௌக் பிடித்தது அந்தக் கதைக் கணக்கில் 2770-ஆம் ஆண்டு. செத்தது 2941-இல். இடைப்பட்ட 171 ஆண்டில் பிற்பகுதியெல்லாம் ஆசைப்பட்ட பொன் மேலே படுத்துத் தூங்கிக்கொண்டுதானே இருந்தது? சாப்பிட்டுவிட்டு நகைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவனால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை குறைவு. (சிரிப்பு)

ஏரி நகரம் எரிந்தது எதனால்? நெருப்பால் என்பார் நண்பர். அந்த நெருப்புக்கு வழி காட்டியது யார்? பில்போ தன்னைப் பற்றிப் புதிர் போடுகிற ஆசையில், பீப்பாய் மேல் சவாரி செய்தவன் என்று ஒரு பட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டான். ஸ்மௌக் அதைப் பிடித்துக்கொண்டது. பீப்பாய் என்றால் ஆறு, ஆறு என்றால் ஏரி நகரம். அன்று இரவே ஊர் பற்றி எரிந்தது. ஸ்மௌக் செத்தது மட்டும் எதனால்? புகழ்ந்து பேசியதில் மயங்கி, தன் வயிற்றில் பதிந்த வைரக் கவசத்தைத் திருப்பிக் காட்டியது. இடது மார்பில் ஒரு இடம் மூடாமல் இருந்ததை பில்போ பார்த்தான், நண்பர்களிடம் சொன்னான், ஒரு பறவை கேட்டது, பார்ட் என்ற வில்லாளியின் காதில் போய்ச் சேர்த்தது. அம்பு பாய்ந்தது.

கடைசியாக கிளௌருங். நேரம் ஆகுதுன்னு நடுவர் கையை மணி மேல வச்சுட்டார், ரெண்டே நிமிஷம் ஐயா.

நார்கோத்ரோண்ட் கோட்டை வாசலில் டூரின் என்ற வீரன் நிற்கிறான். டிராகன் அவனைச் சுடவில்லை. கண்ணால் கட்டி நிறுத்திவிட்டுப் பேசுகிறது: "உன் தாயும் தங்கையும் அங்கே அடிமை மாதிரித் துன்பப்படுகிறார்கள், நீ இங்கே இளவரசன் மாதிரி வாழ்கிறாய்." அவர்கள் அதற்கு முன்பே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டார்கள், அது அவனுக்குத் தெரியாது. அவனை விரும்பிய ஃபின்டுவிலாஸ் கைதியாக இழுத்துச் செல்லப்படும்போது அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். அவளைக் காப்பாற்றப் போக வேண்டியவன் தாயைத் தேடி ஓடினான். அவள் செத்தாள்.

பிறகு தங்கை நியெனோர் அந்த டிராகன் கண்ணில் படுகிறாள். அவளையும் சுடவில்லை. பெயரை, உறவை, எல்லா நினைவையும் அழித்தது. பேச்சையும் பறித்தது. அப்புறம் பிரெத்தில் காட்டுப் பெண்கள் அவளுக்குக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக் கொடுத்தார்கள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் அறியாமல் மணந்துகொண்டார்கள். அவள் வயிற்றில் குழந்தை.

டூரின் பள்ளத்தில் ஒளிந்திருந்து டிராகனின் வயிற்றில் வாளைச் செருகிவிட்டான். நெருப்பு அணைந்தாச்சு. பொன் எங்கேயோ கிடக்கு. மிச்சம் இருந்தது நாக்கு ஒன்றுதான். அந்த நாக்கால், சாகும் நேரத்தில், நியெனோரிடம் அவள் யார், அவள் கணவன் யார் என்று சொல்லிவிட்டுச் செத்தது. சொன்னது அத்தனையும் உண்மை, நடுவர் அவர்களே! முதலில் பொய்யைச் சொல்லி ஒருத்தியைக் கொன்றது, கடைசியில் உண்மையைச் சொல்லி இருவரைக் கொன்றது. அவள் ஆற்றில் குதித்தாள். அவன் தன் வாளிலேயே விழுந்தான்.

(மணி ஒலி)

அடிச்சுட்டீங்க. நெருப்பு அணிக்கு நான் கேட்பது ஒரே கேள்வி: வாள் பாய்ந்த பிறகு அந்த டிராகனிடம் நீங்கள் சொன்ன நெருப்பு எங்கே போனது? பதிலை அடுத்த சுற்றில் சொல்லட்டும்.

(கைதட்டல்)