மெல்ல நகரும் நிலம்



மதுரைச் சமவெளியில் வாழும் நாம், நிலத்தை அசையாச் சொத்து என்றே பத்திரத்தில் எழுதுகிறோம். மலையில் வாழ்வோர்க்கு அந்த உறுதி இல்லை. அவர்களுள் நம்மவரும் உளர். மதுரைச் சீமையிலிருந்தும் பிற தென் மாவட்டங்களிலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள்மீது மலை சரிந்து விழுந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005லேயே எச்சரிக்கப்பட்டிருந்தது.

மலை ஒரு நொடியில் விழுந்தாலும், பல இடங்களில் அதற்குமுன் ஆண்டுக்கணக்காக ஊர்ந்துகொண்டிருக்கும். மழைநீர் உள்ளிறங்கி மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஆண்டுக்கு ஒரு விரற்கடை நகர்வதைக் கண்ணால் காண இயலுமோ? வானிலிருந்து காணலாம். இந்தியாவும் அமெரிக்காவும் கூடிச் செய்த நைசார் என்னும் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது ரேடார் அலைகளை நிலத்தின்மேல் செலுத்தி, திரும்பி வருவனவற்றைப் பதிகிறது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்கு மீள்கிறது. இருளும் முகிலும் அதற்குத் தடையல்ல.

கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி மறுநுனியை உதறினால் மேடும் பள்ளமும் ஓடுமல்லவா? வகுப்பில் அலையை அவ்வாறுதான் காட்டுவேன். நைசாரின் ஒருவகை அலைக்கு நீளம் 24 செ.மீ.; ஏறத்தாழ ஒரு சாண். நிலம் கோளை நோக்கி 6 செ.மீ. நகர்ந்ததாகக் கொள்வோம். போகும் வழியில் 6, வரும் வழியில் 6, ஆக 12 செ.மீ. குறைகிறது, அஃதாவது பாதி அலை. முன்பு மேடாக வந்தது இப்போது பள்ளமாக வரும். இந்த வேறுபாட்டைக் கொண்டே 747 கி.மீ. உயரத்திலிருந்து சென்டிமீட்டர் அளவு அசைவை அறிகின்றனர்.

ஆயினும், 2024 ஜூலை 30இல் வயநாட்டில் நேர்ந்ததுபோலப் பெருமழையில் திடீரெனப் பாயும் சேற்றுப் பெருக்கை இது முன்னறிவிக்கும் என நம்பலாகாது. ஊரும் நிலத்துக்கே இம்முறை ஏற்றது.

கலிபோர்னியக் கடற்கரையில் போர்ச்சுகீஸ் பெண்ட் என்னும் சரிவு 1956 முதல் நகர்கிறது. 2024 செப்டம்பர், அக்டோபரில் அதன் சில பகுதிகள் வாரத்துக்கு 10 செ.மீ. வரை நகர்ந்ததை விமான ரேடார் காட்டிற்று. அங்குள்ள வீடுகளை விலைக்கு வாங்கும் திட்டமும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. மீரியபெத்தையிலோ லயம் தோட்டத்துக்கு உரியது. வேலையும் அங்கே, கூரையும் அங்கே. எச்சரிக்கையைக் கேட்டவர் எங்கே போவது? பிழைத்தோர்க்கு மாற்று வீடுகள் கிடைத்தது 2016இல்.