முதல் அழைப்பு யாருக்கு?



ஆய்வகப் பாதுகாப்பு குறித்த இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். வேதிப்பொருள் சேமிப்பு, கழிவு அகற்றல், காற்றோட்டம் எனப் பல கட்டுரைகள் இங்கே வாசிக்கப்பட இருக்கின்றன. நான் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆய்வகத்தில் தீப்பிடித்தால் மாணவர் முதலில் யாரை அழைக்க வேண்டும்?

இப்போதெல்லாம் முதல் போன், ஆய்வு நெறியாளரான கைடுக்குப் போகிறது. அவர் எடுக்காவிட்டால் துறைத் தலைவருக்கு. ஆம்புலன்ஸை வரவழைக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டும் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் ஊறிக்கிடக்கிறது. கண்ணாடிக் குடுவை உடைந்ததற்கே திட்டு வாங்கியவர், தீப்பிடித்த செய்தியை வெளியாளிடம் முதலில் சொல்லத் துணிவாரா?

2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. ஆய்வக அங்கி அணியாத உடலில் உடை பற்றி எரிந்தது. அவசர ஷவர் அருகிலேயே இருந்தும் யாரும் அவரை அதன் அடியில் நிறுத்தவில்லை. 2009 ஜனவரி 16 அன்று அவர் இறந்துபோனார்.

ஆகவே உடையில் தீப்பிடித்தால் போனுக்கும் முந்தியது தண்ணீர். ஒருவர் ஷவருக்கு இழுத்துச் செல்லும்போதே இன்னொருவர் 108 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். இரவில் தனியாக வேலை செய்ய விடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இரவில் தனியே கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்த மாணவி அதில் தலைமுடி சிக்கி இறந்தார். அழைப்பதற்கு அருகில் ஆளில்லை.

இரண்டாவது அழைப்பு வாயில் செக்யூரிட்டிக்கு. வண்டி வளாகத்துக்குள் வந்த பிறகு எந்தக் கட்டடம், எந்த மாடி என்று தேடி அலைந்தால் பயனில்லை. வாயிலில் ஓர் ஆள் நின்று வழிகாட்ட வேண்டும். பூட்டிய பின்வாசலைத் திறக்க வேண்டும். கைடுக்கும் துறைத் தலைவருக்கும் அதன் பிறகு சொன்னால் போதும்.

வேதிப்பொருளின் பெயரையும் போனிலேயே சொல்ல வேண்டும். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டால் உடனே வலி தெரியாது; மாணவர் கையைக் கழுவிவிட்டு விடுதிக்குப் போய்விடுவார். அது தோலுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட்டைத் தேடுவார்.

ஒரு சிறிய செய்தி, ஆனால் உயிர் காக்கக்கூடியது. பல இன்டர்காம்களில் வெளி இணைப்புக்கு முன்னால் ஓர் எண்ணை அழுத்த வேண்டும். 2013-இல் டெக்சாஸ் ஓட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது ஒன்பது வயது மகள் திரும்பத் திரும்ப அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐ அழுத்தினாள். அந்த முன்எண் தெரியாததால் அழைப்பு போகவே இல்லை. தாய் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் அமெரிக்காவில், முன்எண் இல்லாமலே 911-ஐ அழைக்க வழிசெய்யும் காரி சட்டம் அந்தத் தாயின் பெயரால் வந்தது. நம் ஆய்வக இன்டர்காமில் எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பது அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

கைடுகளாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுவரில் ஒட்டும் சுற்றறிக்கையை விட உங்கள் வாய்ச்சொல்லுக்கே மாணவர்கள் கட்டுப்படுவார்கள். திரும்பிச் சென்றதும் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "முதலில் 108-ஐக் கூப்பிடு. என்னிடம் அப்புறம் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்."