கடிகாரத்தைப் பார்த்த மிருதங்கம்

நடுவர் அவர்களே! எதிரணித் தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் சண்டையைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

'பிள்ளைகளிடம் கலை வளர்வது கண்டிப்பாலா, களிப்பாலா?' எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "பாலக்காடு மணி ஐயர் மாதிரி வரணும்னா பக்கத்திலே அப்பா பிரம்போடு நிக்கணும்" என்றார்கள். 1966-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற மேதை அவர். பெயரைக் கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள் நான். ஆனா அம்மா, நான் பிரம்போடு நின்னு பார்த்தவன்!

என் பையன் ஆசைப்பட்டு மிருதங்கம் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சாதகம். கைக்கடிகாரத்தோடு நான் காவல். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? தொப்பியிலே ரவையைப் பிசைந்து ஒட்டப் பதினைந்து நிமிஷம். சுருதி சேரலைன்னு வலந்தலையைக் கல்லாலே தட்டப் பத்து நிமிஷம். கடைசியில் ரவையைச் சுரண்டப் பத்து நிமிஷம். முனைவர் பட்டம் வாங்கின எனக்கு இந்தக் கணக்குப் புரிய மூணு மாசம் ஆச்சு! (சிரிப்பு) மிச்ச நேரமும் தெரிந்த பாடத்தையே வேகவேகமாக அடிப்பான். தெரியாத இடம் வந்தா தாவிடுவான்.

ஒருநாள், "மிருதங்கமே வேண்டாம்ப்பா"ன்னுட்டான். எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.

ஆசிரியரிடம் ஓடினேன். அவர் என்னைத்தான் திட்டினார். "நேரத்தை அளக்காதீங்க சார். இன்னிக்கு எந்த இடம் தடுக்குதோ அந்த ஒண்ணை மட்டும் எடுக்கட்டும். முதல்லே கையிலே தாளம் போட்டு, சொற்கட்டை வாயாலே சொல்லட்டும். வாயிலே வராதது விரல்லே வராது."

அப்படியே செய்தோம். முதல் காலத்தில் நிதானமாக வாசிப்பான். வேகத்திலே தப்பு ஒளிஞ்சுக்கும். மெதுவா வாசிச்சா பல்லைக் காட்டும். சுத்தமாக வந்ததும் இரட்டித்து இரண்டாம் காலம். மறுபடி இரட்டித்து மூன்றாம் காலம். தடுக்கினா முதல் காலத்துக்கே திரும்பணும். மொத்தம் இருபது நிமிஷம். அப்புறம் அவனுக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, கூடவே வாசிக்கலாம். "இது விளையாட்டு"ன்னு எதிரணி சொல்லும். ஐயா, பாட்டு நமக்காக நிற்காது! காலப்பிரமாணத்துக்கு அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் யார்?

ஒருநாள் நான் தாளம் போட உட்கார்ந்தேன். ஆதி தாளம்தானே, எட்டு எண்ணிக்கை, என்ன பிரமாதம்? அவன் மூன்றாம் காலத்துக்குப் போனதும் என் கையும் கூடவே ஓடிடுச்சு. நிறுத்தினான். "அப்பா, நான்தான் ஓடணும், நீங்க ஓடக்கூடாது. முதல்லேருந்து மெதுவா வரலாம், வாங்க" என்றான். (கைதட்டல்)

மறுநாள் சாயங்காலம் அவனே வந்து கூப்பிட்டான், நடுவர் அவர்களே. என் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியிலே வைத்துவிட்டுப் போனேன். அதனாலேதான் இப்போ நேரம் தெரியாமப் பேசிட்டேன். நீங்க மணியைத் தொடுறது தெரியுது.