ரேகைச் சட்டமும் எண்களின் உலகமும்

டிஸ்டோபியா என்பது, மனிதர் விழிப்பதையும் உறங்குவதையும் கூட அரசே வரையறுத்துக் கண்காணிக்கும் கேடுற்ற சமுதாயத்தைக் கற்பனையில் கட்டிக் காட்டும் புனைவு வகை. அவ்வகைக்கு முன்னோடியாக எவ்கேனி சம்யாதின் 1920, 1921ஆம் ஆண்டுகளில் எழுதிய ‘நாம்’ என்ற ரஷ்ய நாவலில் மாந்தருக்குப் பெயர் இல்லை, எண்களே உண்டு. அவர்கள் வாழும் வீடுகளோ கண்ணாடியால் ஆனவை. தமிழ், எதிரில் இருப்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’ என்பதையும் விலக்கும் ‘நாங்கள்’ என்பதையும் பிரித்தே வைத்திருக்கிறது. எவரையும் விலகி நிற்க விடாத அவ்வரசுக்கு முன்னதே பொருந்தும்.

அந்நாவல் எழுதப்பட்ட அதே 1920இல், மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பகுதியில் அத்தகைய ஆட்சி கற்பனையாக அல்ல, சட்டமாகவே நடந்துகொண்டிருந்தது. 1871இல் வட இந்தியாவில் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டம், அதாவது குறிப்பிட்ட குலத்தில் பிறந்ததையே குற்றத்துக்கு அடையாளமாகக் கொண்ட சட்டம், பிறமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டபோது, ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு எனப்பட்ட அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்றாயிற்று. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் உயிரிழந்தோரில் ஒருவர். இம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்தார்கள்.

பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்து, 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியக் காவல்துறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஆர்வெல், 1949இல் வெளியிட்ட ‘1984’ நாவலில் எண்ணத்தையே குற்றமாக்கும் அரசைப் படைத்தார். அவ்வரசு ஒருவன் எண்ணும் வரையாவது காத்திருந்தது, ரேகைச் சட்டமோ அவன் பிறந்த குலத்தைக் கண்டதுமே தீர்ப்பெழுதிவிட்டது. ஆகவே மேலைநாட்டார் அச்சத்தோடு கற்பனை செய்தவற்றுள் பெரும்பகுதி, குடியேற்ற நாடுகளின் கிராமங்களில் அதற்கு முன்பே அன்றாட நிர்வாகமாக இருந்தது என்பதை இலக்கிய வரலாறு ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. மதுரைக் கல்லூரிகளில் ஆர்வெல்லைப் பயிலும் மாணவர்கள், அந்நாவலைக் கையில் ஏந்தியபடியே ஒருமுறை பெருங்காமநல்லூர் சென்று, அங்குள்ள முதியோரிடம் ரேகைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டறிந்து வர வேண்டும்.